ஜெனரல் தார்னின் தொப்பி

நாட்டுக்கு இருநூறு வயது ஆகப்போகிறது என்று தலைநகரிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு கடிதம் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் வருடம், செப்டம்பர் மாதம். அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து டால்பர்க் என்கிற எங்கள் ஊருக்கு அந்த நேரத்தில் வேறு சில விஷயங்களும் தெரிந்திருந்தன. போரில் தோற்றுத் திரும்பியிருந்தோம். ஜனாதிபதி பொய் சொல்லி அகப்பட்டு வீட்டுக்குப் போயிருந்தார். பெட்ரோலுக்கு வரிசையில் நின்று பக்கத்து வீட்டுக்காரனோடு கைகலந்த கதை எல்லோரிடமும் ஒன்று இருந்தது. ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்ட வார்ப்படத் தொழிற்சாலை கதவைச் சாத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. இவை எல்லாவற்றையும் கருத்தில் கொண்டு, பெயிண்ட் அடிப்பது என்று நகரசபை ஏகமனதாகத் தீர்மானித்தது.

எதற்கு அடிப்பது என்பதில்தான் கொஞ்சம் விவாதம். கடைசியில் தீக்குழாய்களுக்கு என்று முடிவாயிற்று. தெருவோரத்தில் இடுப்பளவு உயரத்தில் இரும்புக் கம்பம் நிற்குமே, தீப்பிடித்தால் நாங்கள் ஓடிவந்து அதன் உச்சியிலுள்ள நட்டைத் திருகித் தண்ணீர் எடுப்போமே, அதற்கு. ஊரில் மொத்தம் அறுபத்தொன்று. ஒவ்வொன்றையும் ஒரு சுதந்திரப் போர் வீரனாக ஆக்கிவிட வேண்டும். நீலக் கோட்டு, மார்பில் குறுக்கே வெள்ளைப் பட்டை, ரோஜா நிறக் கன்னம், உச்சியில் கறுப்புத் தொப்பி. நாங்கள் என்று நான் சொன்னது தீயணைப்புப் படையை. அதில் பதினான்கு வருடம் குழாய் பிடித்தவன் நான். பெயர் வெர்லின் டீக்.

இதற்கென்று ஒன்பது பேர் கொண்ட விழாக் கமிட்டி ஒன்று அமைந்தது. தலைவி திருமதி வினிஃப்ரெட் ஹோல்கம். ஊரிலிருந்த ஒரே பெயிண்ட் கடை அவருடைய கணவருடையது. இது முற்றிலும் தற்செயல் என்று கமிட்டியின் முதல் கூட்டக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், யாரும் கேட்பதற்கு முன்பாகவே.

செஸ்நட் தெருவில் காசிமிர் டோம்பெக் வீட்டு வாசலில் நின்ற தீக்குழாய்தான் ஊரிலேயே பெரியது. மூன்று வாய் உள்ளது. அதற்கு ஜெனரல் எசேக்கியேல் தார்ன் என்று பெயர் வைத்தார்கள். ஜெனரல் தார்ன் எங்கள் ஊருக்குச் சொந்தமான ஒரே சரித்திர புருஷர். போருக்குப் போகிற வழியில் எங்கள் ஊரில் வயிற்றுப்போக்கு வந்து நான்கு நாள் படுத்திருந்தார். எழுந்தபோது போர் முடிந்திருந்தது. கமிட்டி வெளியிட்ட சிறு புத்தகத்தில் இது 'நான்கு நாள் முற்றுகை' என்று வருகிறது.

டோம்பெக்குக்கு ஐம்பத்தாறு வயது. மூடிய தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அங்கே வார்த்தது இந்தத் தீக்குழாய்களைத்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவர் மனைவி ஆர்லீனுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு காலும் விழுந்துவிட்டன. மாடியிலிருந்த கட்டிலைக் கீழே இறக்கி, முன்னறையில் ஜன்னலோரம் போட்டிருந்தார். மர வீடு, மரக்கூரை. அவருடைய அப்பா கட்டியது. இரண்டு வீடு தள்ளித்தான் என் வீடு. ஆர்லீன் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஆப்பிள் நறுக்கிக் கொடுக்க, டோம்பெக் கேக் செய்வார். அதில் பாதி எனக்கு வரும்.

கமிட்டித் தலைவியே நேரில் வந்து, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜெனரலுக்குப் பெயிண்ட் அடித்தார். டோம்பெக் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், நட்டு இடுக்குல பெயிண்ட் இறங்குது."

"எந்த நட்டு?"

"அதோ, உச்சியில. காஞ்சா கல்லு மாதிரி பிடிச்சுக்கும். அப்புறம் திருப்ப முடியாது."

திருமதி ஹோல்கம் தூரிகையை எடுக்காமலே சொன்னார். "அது நட்டு இல்ல மிஸ்டர் டோம்பெக். தொப்பி."

பிப்ரவரியில் வாட்டர் தெருவில் ஒரு கார் ஷெட் தீப்பிடித்தது. வாசலிலிருந்த தீக்குழாய்க்கு முரசுக்காரச் சிறுவன் வேஷம். ஸ்பேனரைப் போட்டு நானும் இன்னொருவனும் தொங்கினோம், நட்டு அசையவில்லை. சுத்தியலால் தட்டித் தட்டி, ஏழாவது நிமிடம்தான் திரும்பியது. அதற்குள் ஷெட்டும் காரும் கரியாகிவிட்டன. மறுநாளே கமிட்டி அவசரக் கூட்டம் போட்டது. எனக்குக்கூட நம்பிக்கை வந்தது, பரவாயில்லை, விழித்துக்கொண்டார்கள் என்று. போய்ப் பார்த்தால் பொருள் வேறு. நான் தட்டிய தட்டில் முரசுக்காரச் சிறுவனுக்கு இடது கண் பெயர்ந்துவிட்டதாம்.

கண் பெயர்ந்த படத்தைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தார்கள். ஒரு அம்மா அழுதார். பதினான்காம் தீர்மானம் நிறைவேறியது: குறைந்தது ஆறு கமிட்டி உறுப்பினர்கள் கூடி, பெரும்பான்மை ஓட்டில் ஒப்புதல் அளித்தாலன்றி எந்த வீரரின் தொப்பியையும் எவரும் திருப்பக்கூடாது.

எங்கள் தலைமை அதிகாரி ஹார்லன் வைஸ் எழுந்து, "தீப்பிடிச்சா என்ன மேடம் பண்றது?" என்று கேட்டார். அன்று அவர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது.

"தீப்பிடிச்சா அவசரக் கூட்டம் போடுவோம் ஹார்லன். நாங்க என்ன, மனசாட்சி இல்லாதவங்களா?"

வைஸ் உட்கார்ந்துவிட்டார். ஜூலை நான்காம் தேதி அணிவகுப்பில் அவருக்குக் கர்னல் வேஷம் என்று முந்தின வாரம்தான் முடிவாகியிருந்தது. வெள்ளிப் பித்தான் வைத்த கோட்டு, நிஜ வாள். வீட்டில் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்க்கிறார் என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஷெட் எரிந்ததிலிருந்து டோம்பெக்குக்கு நிம்மதி போய்விட்டது. மரக்கூரை. நடக்க முடியாத மனைவி. வாசலில் திரும்பாத நட்டு. அவர் யாரிடமும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நட்டைச் சுரண்டி, கொஞ்சம் கிரீஸ் தடவி, ஒரு முறை திருப்பிப் பார்த்து மூடிவிட அனுமதி வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேர வேலை. தானே செய்கிறேன் என்றார், கிரீஸும் தன்னுடையது என்றார்.

முதலில் நகரசபைக் குடிநீர்ப் பிரிவுக்குப் போனார். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல பையன்.

"தண்ணி எங்களோடது சார். கம்பமும் எங்களோடதுதான். ஆனா மேல இருக்கற பெயிண்ட் கமிட்டியோடது. பெயிண்ட்டைத் தொடாம நட்டைத் திருப்பிக்குவீங்களா?"

"அது எப்படிப்பா முடியும்?"

"அப்ப கமிட்டிக்குப் போங்க சார்."

கமிட்டியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஏழு பக்கம். 'விண்ணப்பதாரர் எந்த வீரரின் உடையைக் கலைக்க விரும்புகிறார்?' என்று முதல் கேள்வி. 'இதற்கு முன் எத்தனை வீரர்களின் உடையைக் கலைத்திருக்கிறார்?' என்று இரண்டாவது. டோம்பெக் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பென்சிலால் பூர்த்தி செய்தார். இரண்டாவது கேள்விக்கு என்ன எழுதுவது என்று என்னைப் பார்த்தார்.

"நாங்க வார்த்து முடிச்சதும் ஒவ்வொண்ணையும் திருப்பிப் பாத்துத்தான் அனுப்புவோம் வெர்லின். அப்படிப் பாத்தா ஒரு நாப்பதாயிரம் இருக்கும். எழுதட்டுமா?"

"எழுதாதீங்க" என்றேன்.

எழுதினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதனால் மார்ச் மாதம் அவரை விசாரணைக்கு அழைத்தார்கள்.

நகரசபை மண்டபத்தில் ஒன்பது பேரும் நீள மேஜைக்குப் பின்னால். மேயர் டெல்பர்ட் க்ரௌச் சிறப்பு அழைப்பாளர். அகலமான டையும் பிஸ்தா நிறக் கோட்டும். டோம்பெக் சர்ச்சுக்குப் போகிற சட்டையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"எங்க வீடு மரவீடுங்க. மனைவிக்கு நடக்க வராது. தீக்குழாய் வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாத்துட்டா..."

மேயர் கையைத் தூக்கினார். "இதோ பாருங்க, இந்த வார்த்தைதான். வேலை செய்யுதான்னு! பத்து வருஷமா இந்த நாட்டுல இதே கேள்விதான். போரைப் பாத்து வேலை செய்யுதான்னு கேட்டாங்க. ஜனாதிபதியைப் பாத்து கேட்டாங்க. பேங்க்கைப் பாத்து, பள்ளிக்கூடத்தைப் பாத்து கேட்டாங்க. கேட்டுக் கேட்டு என்ன ஆச்சு? எதுவும் வேலை செய்யலைன்னு தெரிஞ்சுபோச்சு! கேக்காம இருந்தப்ப எவ்வளவு நிம்மதியா இருந்தோம்? இப்ப ஒரு தீக்குழாய் மட்டும்தான் மிச்சம். அதையும் பாத்துக் கேக்கணுமா?"

கை தட்டினார்கள். மேயருக்கே தான் பேசியது பிடித்திருந்தது. கடைசி வரியை இன்னொரு முறை சொன்னார்.

பிறகு திருமதி ஹோல்கம் கனிவாகப் பேசினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ஆளை அறுக்கிறவர்களுக்குக் கோபம் எதற்கு?

"மிஸ்டர் டோம்பெக், உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு வீடு எரிஞ்சா அது ஒரு குடும்பத்தோட நஷ்டம். ஜெனரல் தார்ன் மூஞ்சி கெட்டா அது தேசத்தோட நஷ்டம். நம்ம வீரர்களோட அலங்காரத்துக்கு மாநிலப் பரிசு வந்தாச்சு. தேசியப் பரிசுக்காரங்க ஜூலையில வர்றாங்க. அதுவரைக்கும் பொறுக்கக்கூடாதா?"

"மேடம், தீ ஜூலை வரைக்கும் பொறுக்குமான்னு..."

"நீங்க தேசத்தை நேசிக்கறீங்களா மிஸ்டர் டோம்பெக்?"

டோம்பெக் திகைத்துப் போய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நேசிக்கறேன் மேடம்" என்றார்.

"அப்ப சரி" என்றார் திருமதி ஹோல்கம். விசாரணை முடிந்தது. அனுமதி மறுக்கப்பட்டது. நட்டில் தண்ணீர் படாமலிருக்க, படகுக்கு அடிக்கிற வார்னிஷை ஜெனரலுக்கு நான்கு பூச்சு அடிப்பது என்று கூடுதலாகத் தீர்மானம் போட்டார்கள். திரு. ஹோல்கம் கடையில் படகு வார்னிஷ் நிறைய இருந்தது. எங்கள் ஊரில் ஏரியும் இல்லை, ஆறும் இல்லை.

வார்னிஷ் காய்ந்த வாரத்தில்தான் நாய் விவகாரம் வந்தது. டோம்பெக்கின் நாய்க்கு நிக்கல் என்று பெயர்; வயதான பழுப்பு நாய். பிறந்ததிலிருந்து காலையில் எதன் மேல் காலைத் தூக்கியதோ, அதன் மேல் அன்றும் தூக்கியது. பார்த்துக்கொண்டிருந்த கமிட்டிக்காரர் ஒருவர் படம் எடுத்தார். தேச வீரர் ஒருவரை அவமதித்ததாக நிக்கல் மேல் வழக்கு.

இதை நான் இட்டுக்கட்டவில்லை. கோர்ட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நாய்க்குத் தனி வக்கீல் வைத்துக் கொடுத்தார்கள், இலவசமாக.

"நாய்ங்க சார்" என்றார் டோம்பெக் நீதிபதியிடம். "அதுங்க எப்பவும் செய்யறதுதானே?"

"எப்பவும் அது தீக்குழாயா இருந்துச்சு" என்றார் நீதிபதி. "சம்பவத்துக்கு அப்புறம் நாய் வருத்தம் தெரிவிச்சுதா?"

டோம்பெக் யோசித்தார். "அன்னிக்குக் காலைல சாப்பிடல சார்."

அதைக் குறிப்பில் ஏற்றிக்கொண்டார்கள். ஜெனரலிடமிருந்து இருபது அடி தள்ளி நிக்கலைச் சங்கிலியில் கட்டி வைக்க வேண்டும் என்று தீர்ப்பு. ஜெனரலைச் சுற்றி பித்தளைக் கம்பிகள் நட்டு, நடுவே வெல்வெட் கயிறு கட்டி, செய்தித்தாளில் படம் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஆர்லீன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"நாய்க்கு வக்கீல் வெச்சாங்களா? அப்ப நீ போனப்ப நாலு கால்ல போயிருக்கணும் காசிமிர்." பிறகு ஜன்னலைக் காட்டினாள். "அந்த ஆளைப் பாரு வெர்லின். ரோட்டுக்கு மூஞ்சியைக் காட்டிட்டு எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறான். நாள் பூரா நான் பாக்கறது அவன் முதுகைத்தான்."

"தேவைன்னா நான் உடைச்சாவது திறந்துடுவேன்" என்று சொன்னேன். சொன்னேன், அதை மறைக்கவில்லை.

"நீ இருக்கன்னுதான் தைரியமா தூங்கறேன்" என்றாள் ஆர்லீன்.

ஜூலை நான்கு. மத்தியானம் இரண்டு மணி, வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்று வாரமாகத் துளி மழை இல்லை. தீயணைப்புப் படை முழுவதும் பொய் மயிர்த் தொப்பியும் கம்பளிக் கோட்டும் முழங்கால் வரை வெள்ளைக் காலுறையும் போட்டுக்கொண்டு அணிவகுத்தோம். இருக்கிற ஒரே தீயணைப்பு வண்டியைக் காகிதப் பூ சுற்றிக் கப்பலாக்கியிருந்தார்கள். அதன் மேல் பழைய பதின்மூன்று காலனிகளாகப் பதின்மூன்று பெண்கள், கூடாரம் கூடாரமாகப் பாவாடை. அவ்வளவு பாரத்தோடு செஸ்நட் தெரு மேடு ஏறாது என்று வண்டித் தொட்டியிலிருந்த தண்ணீரைக் காலையிலேயே சாக்கடையில் இறக்கிவிட்டோம். இறக்கியது நான்தான்.

அணிவகுப்பின் உச்சகட்டம் ஜெனரல் தார்னுக்குப் பீரங்கி மரியாதை. டோம்பெக் வீட்டு எதிரே பீரங்கியை நிறுத்தினார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவை நட்டிருந்தார்கள். குண்டு கிடையாது, வெடிமருந்தும், அதை அடைக்கிற துணிப் பந்தும் மட்டும். மேயர் கையசைத்தார். தெருவே அதிர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எரிகிற துணிப் பந்து ஜெனரலின் தலைக்கு மேலாக, கச்சிதமாகப் பறந்து போய் டோம்பெக்கின் மரக்கூரையில் உட்கார்ந்தது.

கூரை பற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? நான்கு முறை மூச்சு விடுகிற நேரம். டோம்பெக் ஒன்றும் கத்தாமல் உள்ளே ஓடினார். நான் வண்டியிலிருந்து ஸ்பேனரை உருவிக்கொண்டு ஓடி, வெல்வெட் கயிற்றைத் தாண்டி, ஜெனரலின் தொப்பியில் மாட்டினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"இரு வெர்லின்!" வைஸ் வாளைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "தீர்மானம் பதினாலு. ஓட்டெடுப்பு முடியட்டும்."

"சார், வீடு எரியுது!"

"தெரியுதுடா. எனக்குக் கண்ணில்லையா? இரு, கூப்பிட்டுட்டு இருக்காங்க."

கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். திருமதி ஹோல்கம் மடக்கு நாற்காலியில் நின்று பெயர்ப் பட்டியலை வாசித்தார். ஆறு பேர் வேண்டும். நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் கப்பல் மேல் வர்ஜீனியா காலனியாக இருந்தார். பாவாடையோடு இறக்க இரண்டு ஆள் போனார்கள். இன்னொருவரை பூசணிக்காய்ப் பலகாரக் கடையிலிருந்து அழைத்து வந்தார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு, "என்ன விஷயம்?" என்று கேட்டார். விஷயம் அவருக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தீர்மானத்தை முழுசாப் படிங்க" என்றார் அவர். படித்தார்கள்.

வர்ஜீனியா அம்மாள் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். தொப்பியைத் தொடாமல், கை வரைந்திருக்கிற பக்கவாட்டு மூடியை மட்டும் திறந்தால் என்ன? அதற்குள் டோம்பெக் ஆர்லீனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவர் புருவம் கருகியிருந்தது. அவளைப் புல்வெளியில் கிடத்திவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே, கமிட்டிக்கு விளக்கினார்.

"தொப்பியைத் திருப்பினாத்தான் உள்ள வால்வு திறக்கும் மேடம். பக்கத்து மூடி சும்மா வாய். தண்ணி வராது."

"நீங்க விண்ணப்பதாரர். விவாதத்துல கலந்துக்க முடியாது" என்றார் திருமதி ஹோல்கம் கனிவாக.

திருத்தம் தோற்றது. மூலப் பிரேரணையில் நான்குக்கு இரண்டு என்று அனுமதி கிடைத்தது. ஜனநாயகம் வேலை செய்கிறது என்று மேயர் தொலைக்காட்சிக்குச் சொன்னார். பதினொரு நிமிடம். நான் ஸ்பேனரைத் தொப்பியில் மாட்டியபடி, வெள்ளைக் காலுறையோடு, பதினொரு நிமிடம் நின்றேன். முகத்தில் அனல் அடித்தது. பொய் மயிரிலிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது. நிக்கல் தன் இருபது அடியில் சங்கிலியை இழுத்துக் குரைத்துக்கொண்டே இருந்தது.

"இப்பத் திருப்பு!" என்றார் வைஸ்.

திருப்பினேன். மூன்று பேர் சேர்ந்து திருப்பினோம். நான்கு பூச்சு படகு வார்னிஷ். நட்டு அசையவில்லை, ஸ்பேனர்தான் வழுக்கி என் விரலைச் சிதைத்தது. மாடித் தரை இடிந்து முன்னறையில் விழுகிற சத்தம் கேட்டது. கட்டில் இருந்த இடம் அது. ஆர்லீன் புல்லில் படுத்தபடியே அதைப் பார்த்தாள்.

தீ தானாகவே அணைந்தது, எரிக்க ஒன்றும் மிச்சமில்லாததால். மறுநாள் காலை ஏழு மணிக்கு, மீண்டும் பற்றாமல் பார்த்துக்கொள்ள என்னைக் காவல் போட்டார்கள், முதுகில் மாட்டுகிற சின்னத் தண்ணீர்ப் பம்பு ஒன்றோடு. டோம்பெக் புல் வாரும் கருவியால் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். ஆர்லீன் யாரோ கொடுத்த கவுனில், யாரோ கொடுத்த சக்கர நாற்காலியில், நடைபாதையில் இருந்தாள்.

அப்போது திருமதி ஹோல்கமும் கமிட்டியின் நான்கு பெண்களும் ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார்கள். வயிற்றெரிச்சல், சொல்கிறேன்: எனக்கு ஒரு கணம் கண் கலங்கிவிட்டது. தப்பை உணர்ந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வெல்வெட் கயிற்றை அவிழ்த்து உள்ளே போய், வாளியை இறக்கி வைத்து, பஞ்சை நனைத்து, ஜெனரலின் முகத்திலிருந்த கரியைத் துடைக்க ஆரம்பித்தார்கள். பத்து மணிக்குத் தேசியப் பரிசுக்காரர்கள் வருகிறார்களாம்.

சமையலறை மூலையில் புகை திரண்டு குப்பென்று ஒரு நாக்கு எழுந்தது. அந்த இடத்தில் சுவர் அலமாரி ஒன்று பாதி எரிந்து மிஞ்சியிருந்தது. டோம்பெக் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்ததும் அங்கேதான். என் பம்பில் தண்ணீர் தீர்ந்திருந்தது.

"மேடம், அந்த வாளியைக் கொடுங்க!"

திருமதி ஹோல்கம் வாளியைப் பார்த்தார், நெருப்பைப் பார்த்தார். "இது சோப்புத் தண்ணி வெர்லின்."

"எந்தத் தண்ணியா இருந்தா என்ன?"

"இன்னும் கழுத்துப் பட்டை துடைக்கலியே" என்றார் அவர்.

பிடுங்கினேன். முதல் வாளி, இரண்டாவது, ஐந்தையும் பிடுங்கி ஊற்றினேன். ஒரு பெண் கீழே விழுந்தாள். அலமாரி மிஞ்சியது. அதற்குள்ளிருந்து டோம்பெக் எடுத்தது ஒரு ஆப்பிள் வெட்டுகிற கத்தியும் கேக் அச்சும். தகரம் உருகிக் கோணியிருந்தது.

அந்த வாரமே கமிட்டியின் உடைமையான ஐந்து வாளிகளைப் பலவந்தமாகப் பறித்த குற்றத்துக்காக என்னை வேலையிலிருந்து எடுத்தார்கள். ஜூலை நான்காம் தேதித் தீ பற்றிய அறிக்கையில், படையினர் முன்மாதிரியான கட்டுப்பாட்டோடு நடந்துகொண்டார்கள் என்று இருந்தது; அதற்குக் கீழே பட்டியலில் என் பெயரும் இருந்தது. எரிகிற வீட்டுக்கு முன்னால் பளபளவென்று நிற்கும் ஜெனரலின் படம் தேசியப் பரிசு வாங்கியது. பாராட்டுப் பத்திரத்தில், 'நெருப்பிலும் அசையாதவர்' என்று எழுதியிருந்தார்கள். அதைவிட உண்மையாக அந்தக் கமிட்டி எதையும் எழுதியதில்லை.

ஆகஸ்டில் டோம்பெக்கும் ஆர்லீனும் இண்டியானாவில் அவள் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார்கள். காரில் சாமான் ஏற்றப் போனேன். ஏற்ற அதிகம் ஒன்றும் இல்லை. ஆர்லீனை முன் சீட்டில் உட்கார வைத்தாயிற்று. நிக்கல் பின்னால். டோம்பெக் சக்கர நாற்காலியை மடக்கிக் காரின் மேல் வைத்துக் கயிறு கட்டினார். முடிச்சைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வெர்லின், அன்னிக்கு ஸ்பேனர் உன் கையிலதானே இருந்துச்சு?"

"ஆமா."

"தொப்பியில மாட்டிட்டே இல்ல?"

"மாட்டிட்டேன்."

"அப்புறம் எதுக்கு நின்னே?"

வார்னிஷ் என்று சொல்லியிருக்கலாம். எப்படியும் திரும்பியிருக்காது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதினொரு நிமிடமும் தட்டியிருந்தால் திரும்பியிருக்குமா என்று எனக்கும் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கலாம். நாற்பதாயிரம் திருப்பியவர். என் வாயில் வந்தது வேறு.

"ஓட்டெடுப்பு நடந்துட்டு இருந்துச்சு" என்றேன்.

டோம்பெக் தலையை ஆட்டினார். கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார். ஆர்லீனிடம் ஏதாவது சொல்லலாம் என்று நான் அவள் பக்கமாகச் சுற்றிப் போனேன். நல்ல வெயில், உள்ளே புழுங்கும். ஆனாலும் அவள் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.